தவிடு நீக்காத குதிரைவாலி

ஏப்ரல் 7, திங்கள்

நோட்டில் எழுத்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது. இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், வலதிலும் தொடங்கிவிட்டதாம். ஆபரேஷன் மட்டும் இப்போது கிடையாது. "சர்க்கரை இருநூறுக்குக் கீழே வரட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். என்னுடையது 290. பெருநாள் பிரியாணி சும்மா விடுமா? மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

அரிசியை நிறுத்தச் சொன்னார். அருப்புக்கோட்டைக் கடையில் குதிரைவாலி இரண்டு வகை இருந்தது. பழுப்பாக இருந்தது பழைய சரக்குபோலத் தெரிந்தது. பளிச்சென்று வெள்ளையாக இருந்ததை எடுத்துவந்தேன்.

ஏப்ரல் 16

ஒன்பது நாளாக அதே சோறு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 284. எண்ணைப் படித்துச் சொன்ன என் வீட்டுக்காரர், "மெஷினு பொய் சொல்லுது பௌசியா" என்கிறார். மெஷினுக்கு என்மேல் என்ன பகை? வேறு எதுவோ பொய் சொல்கிறது. எது?

ஏப்ரல் 17

பரளச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் தெருவில் கீரை விற்கும் வெள்ளைத்தாய் அக்காவிடம் அந்தக் குதிரைவாலியைக் காட்டினேன். அவர் காட்டில் விளைவதும் குதிரைவாலிதான். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"உமியோட தவிட்டையும் உரிச்சுப்புட்டாகளே தாயி! இதுக்கு ரேசன் அரிசியே தேவலையே."

"ஏன்க்கா அப்படிச் செய்றாங்க?"

"டவுனுக்காரவுகளுக்கு வெள்ளையா இருந்தாத்தானே பிடிக்குது."

சுருக்கென்றது. நான்தானே பொறுக்கி எடுத்தேன்!

ஏப்ரல் 19

அக்கா தவிட்டோடு கொண்டுவந்தார். சாம்பல் பூத்த பழுப்பு நிறம். வேக நேரமாகிறது. ஆனால் ஒரு அகப்பைச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிட்டது. முன்பு மூன்று அகப்பை தின்றேன், மருந்துதானே என்று. கூறுகெட்டவ நான்.

"நீங்களும் இதான் சாப்பிடுறீங்களாக்கா?"

"நாங்க ரேசன் அரிசி. இத வித்துப்புடுவோம்ல."

உங்களுக்கும் பார்க்கட்டுமா என்று மீட்டரை எடுத்ததும் விரலை மடக்கிக்கொண்டார். "காட்டுல பாடுபடுறவளுக்குச் சுகரு வருமா?"

ஏப்ரல் 29

212!

மே 1

மாத்திரையா, தவிடா, சாயங்காலம் மொட்டைமாடியில் நடக்கிறேனே அந்த நடையா, எது குறைத்தது? தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. இன்று மாத்திரையும் நடையும் அப்படியே. சோறு மட்டும் பழைய வெள்ளை, அதே ஒரு அகப்பை. 251. இவருக்குத் தெரிந்துபோய், "ஆப்பரேசன வச்சுக்கிட்டு வெளாட்டா ஒனக்கு?" என்று கத்தினார். கத்தட்டும். ஒரு தடவை பார்த்ததை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அந்த வெள்ளை இனி இந்த வீட்டு உலையில் ஏறாது.

மே 9, வெள்ளி

176. அல்ஹம்துலில்லாஹ். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று.

மே 25

கோட்டுக்குள் எழுதுகிறேன். சுவரில் இவ்வளவு ஒட்டடையா? யா அல்லாஹ், இத்தனை நாள் இதிலா குடியிருந்தேன்!

காலையில் வெள்ளைத்தாய் அக்கா குதிரைவாலி கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றியபோது பார்த்தேன். பெருவிரலில் புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. எத்தனை நாளாக என்றேன். "தைப் பொங்கலுக்கு முள்ளுக் குத்துனது, ஆறல." நாலு மாதமாக என் வாசலில்தான் வந்து நிற்கிறார். என் கண்ணில் படவில்லை.

இந்தத் தடவை விரலை நீட்டினார். எண்ணைப் படிக்க வீட்டுக்காரரைக் கூப்பிடவில்லை, நானே படித்தேன். 318.

"எம்புட்டுத் தாயி?"

சொன்னேன். அவருக்கு அந்த எண் புரியவில்லை, என் முகம் புரிந்தது. நாளை காலை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அளந்து கொடுத்த குதிரைவாலியில் பாதியை அவர் கூடையிலேயே திருப்பிக் கொட்டினேன்.

"இத விக்கக் கூடாது. ஒங்க வீட்டு உலைக்கு" என்றேன்.