இரண்டு கதவுக்கும் ஒரே சாவி

அண்ணே,

சமையலறை மேசையில், பழைய செய்தித்தாளின் மேல், லோரியின் இரண்டு கதவுப் பூட்டுகளும் கிடக்கின்றன. காலையில் பிரிஞ்சாங் டவுனிலிருந்து வந்த பூட்டுக்காரர் கழற்றி வைத்துவிட்டுப் போனார். வீடு முழுக்கக் கிரீஸ் நாற்றம். நீ இறந்துபோய் நாற்பது நாளாகிறது. உன் சாவி எங்கே என்று அண்ணிக்கும் தெரியவில்லை. கொட்டகையில் முட்டைக்கோசு அழுகத் தொடங்கியதும் ஆள் கூப்பிட்டேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்து கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் போட்டபோது அப்பா வாங்கிய பட்டாளத்து லோரி அது. அதைக் கிளப்பச் சாவியே வேண்டாம். சுவிட்சைத் திருப்பிப் பொத்தானை அமுக்கினால் போதும். கதவிலும் பூட்டு இருக்கவில்லை. ஒருமுறை காய்கறியோடு வண்டியை யாரோ ஓட்டிப் போனபிறகுதான், அப்பா பழைய கார்ப் பூட்டுகள் இரண்டை வாங்கி வந்து கதவுத் தகரத்தில் துளை போட்டுப் பொருத்தினார். இரண்டுக்கும் வேறு வேறு சாவி. வலது கதவுச் சாவி உனக்கு, இடது கதவுச் சாவி எனக்கு. நான் இடப்பக்கம் ஏறி, நகர்ந்து போய் ஸ்டேரிங்கைப் பிடிப்பேன். "ரிவர்ஸ் எடுக்கணும்னா என் தங்கச்சியக் கூப்பிடுங்க" என்று நீயே பக்கத்து ஊர் லெம்பா பெர்த்தாம் ஆட்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்.

அப்பா இறந்து மூன்று மாதத்தில் ஒரு விடியற்காலை என் சாவி திரும்பவில்லை. பனியில் நின்று மூன்று தடவை முயன்றேன். நீ கையில் தேத்தண்ணியோடு வாசலில் வந்து நின்றாய்.

"மாத்திட்டேன். இப்ப ரெண்டு கதவுக்கும் ஒரே சாவிதான்."

"எனக்கு ஒண்ணு கொடு."

"எதுக்கு? உனக்குக் கல்யாணம் பேசப் போற வீட்ல, பொண்ணு லோரி ஓட்டுதான்னு கேக்குறாங்க. நீ வீட்டப் பாரு லா."

அந்தக் கல்யாணமும் நடக்கவில்லை, அண்ணே. சாவி மட்டும் உன் இடுப்பிலேயே இருந்தது.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை; மலைப்பாதை முழுக்கச் சுற்றுலாக் கார்கள். நீ தெரிந்தவர் காரில் கியா பார்ம் சந்தைக்குப் போயிருந்தாய். அம்மா அடுப்படியில் சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆம்புலன்ஸ் ஏதோ விபத்துக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக் காரும் இல்லை. உனக்கு போன் செய்தேன்.

"ரோட்டுல ஒரே ஜாம். வந்துக்கிட்டேதான் இருக்கேன். வண்டியில கை வைக்காத."

வாசலில் லோரி நின்றது. ஒரு கண்ணாடியை உடைத்தால் போதும். கல்லை எடுத்துவிட்டேன். பிறகு கீழே வைத்தேன். நீ கத்துவாயே என்றுதான், அண்ணே. வேறு காரணம் இல்லை. நீ வந்து சேரும்வரை ஒன்றேகால் மணி நேரம் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது திரும்பியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். "தலையெழுத்து" என்றாய். அம்மா நான்கு வருடம் பேசாமல் கிடந்து போனார். அந்த நான்கு வருடத்தில் ஒருநாளாவது நீ அந்தச் சாவியைப் பற்றி வாய் திறப்பாய் என்று காத்திருந்தேன். உன் கடைசி வாரத்தில், உனக்குக் கஞ்சி ஊட்டியபோதுகூடக் காத்திருந்தேன். "உப்பு பத்தல" என்றாய்.

இன்று பூட்டுக்காரர் இடது கதவுப் பூட்டைப் பிரித்து, உள்ளே இருந்த சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். "யாரோ அரத்தால ஒவ்வொண்ணா தேச்சு அந்தப் பக்கத்துச் சாவிக்குச் சேத்திருக்காங்க அக்கா. ஒரு நாள் முழுக்க ஒக்காந்திருக்கணும். பொறுமையான ஆளு."

ஏதோ கோபத்தில் மாற்றிவிட்டாய் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த ஒரு நினைப்பில்தான் உன்னை அவ்வப்போது மன்னிக்கவும் பார்த்தேன். இப்போது அதுவும் இல்லை.

புதுப் பூட்டுக்கு எத்தனை சாவி என்று கேட்டார். அண்ணிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்றேன். மத்தியானம் முட்டைக்கோசை ஏற்றிக்கொண்டு, வலது கதவைத் திறந்து ஏறி, நானே டவுனுக்கு ஓட்டிப் போனேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். வழியெல்லாம், அன்று அம்மாவை உட்கார வைத்திருக்க வேண்டிய இடப்பக்கச் சீட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

உன்மேல் இருக்கும் கோபம் வயதானால் ஒருவேளை குறையும். ஆனால் கல்லைக் கீழே வைத்தது நீ இல்லை, நான். அதற்கு யாரிடம் போய்க் கோபப்படுவது, அண்ணே?