மலையில் நான் சந்தோஷமாக இருந்தேன்

என் பிரியமான அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. உங்கள் கம்பெனி எனக்கு வாரிசு வேலை கொடுத்து ஸ்டோர்ஸ் ஆபீசில் உட்கார வைத்திருக்கிறது. நீங்கள் ஏறிய அதே கம்பெனி பஸ்ஸில்தான் மல்காஜ்கிரி வீட்டிலிருந்து சனத்நகர் ஆபீசுக்குப் போய் வருகிறேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அந்த ஜன்னல் சீட்டில் மட்டும் இன்னும் உட்காரவில்லை.

என்னைப் பற்றிச் சபையிலும் பேசியாகிவிட்டது, கேன்டீனிலும் பேசியாகிவிட்டது. அதனால் இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன். பேசுகிறவர்கள் முழுசாகத் தெரிந்துகொண்டு பேசட்டுமே.

மே மாதம் நான் மலைக்குப் போனேன், அத்தான். கம்பெனி கிளப்பில் வருஷா வருஷம் இமயமலைக்குக் கூட்டிப் போவார்களே, அதே குலு மலைக்கு. முன்பெல்லாம் உங்களுக்கு முறுக்கு சுட்டு, கம்பளி மடித்து வைத்து, செகந்திராபாத் ஸ்டேஷனில் கையசைத்துவிட்டு வருவதுதான் என் வேலை. “பய கொஞ்சம் பெருசாவட்டும், ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன்” என்பீர்கள். பயல் வளர்ந்துகொண்டேதான் இருந்தான். நீங்களும் தனியாகப் போய்க்கொண்டேதான் இருந்தீர்கள்.

இந்த வருஷம் உங்கள் சிநேகிதர் சேவியர் அண்ணன்தான் டீம் லீடர். வாம்மா, மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று வீடு தேடி வந்து கூப்பிட்டார். உங்கள் அக்கா, அதுதான் என் மதினி, பயலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். சின்ன வயதில் கணவரைப் பறிகொடுத்துவிட்டு நம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உங்களோடு இருப்பவர்கள் ஆயிற்றே, அவர்கள் சரி என்றதே எனக்கு ஆச்சரியம். உங்கள் நினைவாகப் போகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

உங்கள் பேண்ட்டை இடுப்பில் சுருட்டி பெல்ட் போட்டுக்கொண்டு, முதுகில் மூட்டையோடு நான் நடந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் நாளே பையின் பட்டி தோளை அறுத்துவிட்டது. கூடாரத்தில் படுத்தால் முதுகுக்குக் கீழே ஒரே கல். மேலே போகப் போகச் சோறு வேகவே மாட்டேன் என்றது. இந்த அவஸ்தைக்குத்தானா ஒவ்வொரு வருஷமும் லீவு போட்டுவிட்டு ஓடினீர்கள் என்று வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே போனேன்.

பிறகு மரங்கள் முடிந்து புல்வெளி வந்தது. அதற்கும் மேலே பனி தெரிந்தது. எப்போது வலி நின்றது என்று தெரியவில்லை, கால் தானாக நடந்தது. ஒரு ஓடையில் குனிந்து தண்ணீர் குடித்தேன். பல்லெல்லாம் கூசியது. வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது, ரொம்ப நேரமாக உங்கள் நினைப்பே எனக்கு வரவில்லை என்று. அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அழுகை நிற்கவே இல்லை.

சேவியர் அண்ணன் ஓடி வந்தார். மறுநாள் காலை கணவாயைத் தாண்ட வேண்டும். மலை நோய் கண்டுவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். “நக்கோம்மா, ரிஸ்க் எடுக்க வேணாம். போர்ட்டரோட கீழே இறங்கிடு” என்றார். உங்களோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். உண்மையைச் சொல்லாவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“எனக்கு மூச்செல்லாம் முட்டல, அண்ணே. சந்தோசமா இருக்கு. அவுக இருந்திருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன்லா. அத நெனச்சேன், அழுகை வந்துட்டு.”

சேவியர் அண்ணன் போர்ட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் நான் அவர்களோடு பனியில் நடந்து கணவாயைத் தாண்டினேன்.

நான் சொன்னது தப்பா, அத்தான்? பயல் இன்னும் கொஞ்சம் பெரியவனானதும் என்னைக் கூட்டிப் போயிருப்பீர்களா? உங்களை இழந்ததால் கிடைத்தது என்றால், அந்தச் சந்தோஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே சேதி சபைக்குள் வந்துவிட்டது. சேவியர் அண்ணன் தன் மனைவியிடம் மட்டும்தான் சொன்னாராம். மதினி வீட்டுக்கு வந்து பைபிளை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

“எந்தம்பி செத்தது ஒனக்குச் சந்தோசமாப் போச்சாக்கும்?”

அதோடு என்னிடம் பேச்சு நின்றுபோயிற்று. எதுவானாலும் பயல் மூலமாகத்தான் வரும். ஒங்க அம்மைகிட்ட இதைச் சொல்லுல என்பார்கள். அவன் “ஹவ்” என்று இந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டு, பாதியைச் சொல்லி மீதியை மறந்துவிடுவான்.

சேவியர் அண்ணன்தான் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். “மலை மேல காத்து கம்மிம்மா, மூளை தடுமாறும். அவனோட முதல் வருஷ நினைவு ஜெபத்துல அப்படிச் சொல்லிடு, கதம், விஷயம் முடிஞ்சுது” என்றார். மதினி அடுக்களையிலிருந்தே பதில் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் இருப்பார்களாம், இல்லாவிட்டால் ஊருக்கு ரயிலேறிவிடுவார்களாம். அவர்கள் போய்விட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பயலை யார் பார்ப்பது? நான் எப்படி வேலைக்குப் போவது? ஒரு சின்னப் பொய்தான், சொல்லிவிடலாம் என்றுதான் ஜெபத்துக்கு உட்கார்ந்தேன்.

நம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்து நின்றேன். அந்த ஓடைத் தண்ணீரை நோய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அன்னைக்கு எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் சந்தோசமாத்தான் இருந்தேன். அவுகளுக்காக அழுததும் நெசம், இதுவும் நெசம்.”

போதகர் அவசரமாக முடிவு ஜெபத்தை ஆரம்பித்தார். வந்தவர்கள் சாப்பிட்ட கையோடு கிளம்பிப் போனார்கள். மதினி பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினார்கள்.

மறுநாள் காலை பெட்டி வாசலில் இருந்தது. மதினி அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பியைப் பக்கத்தில் வைத்தேன். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்கள்.

“எங்க வீட்டுக்காரரு போன மறு வருசம், ஆத்துல குளிக்கப் போனேன். முங்கி எந்திரிச்சவ, என்ன தோணுச்சோ, சிரிச்சிட்டேன். எங்க மாமியா கரையில நின்னு பாத்துட்டாவ. அதுக்கப்புறம் நான் ஆத்துக்கே போவல.”

இது உங்களுக்குத் தெரியுமா, அத்தான்? ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கா ஏன் ஆற்றுக்கு வருவதில்லை என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? நானும்தான் கேட்கவில்லை. அவர்கள் சுபாவமே அப்படி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அன்றைக்குப் பெட்டியை நான்தான் உள்ளே தூக்கி வைத்தேன். அவர்கள் தடுக்கவில்லை.

எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னமும் சில நாட்களில் அவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டதற்கு மட்டும், “எழுது, எவ என்ன பேசுதான்னு பாப்போம்” என்றார்கள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த லீவுக்கு மதினியை நம் ஊர்த் தாமிரபரணிக்குக் கூட்டிப் போவேன். வர மாட்டேன் என்பார்கள், கையைப் பிடித்து இழுத்தாவது தண்ணீரில் இறக்குவேன். அவர்கள் முங்கி எழும்போது கரையில் நான்தான் நிற்பேன்.

உங்கள் மாமன் மகள்,
ஜெயராணி