மானேஜர் அறைக் கதவைத் தட்டிய நம் பேத்தி

ஏன்னா என்று வாய் நிறையக் கூப்பிட்டே ஆரம்பிக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் கமலாவுக்கு நேற்று வேலை நிரந்தரமாகிவிட்டது! உங்களைப் போலவே பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஆபீஸ், டைப்பிஸ்ட் உத்தியோகம். மாதுங்கா முழுக்கச் சொல்லியாயிற்று. மேலே போய்விட்ட உங்களுக்குத்தான் பாக்கி.

புதிதில் அவளும் உங்கள் வழியில்தான் போனாள். மானேஜர் எது சொன்னாலும் "எஸ் சார்". புரியாததை நீங்கள் வெளியே வந்து சக குமாஸ்தாக்களிடம் கேட்பீர்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண், அவள் யாரைக் கேட்பாள்? ஊகித்து அடித்தாள். எல்லாம் தப்பு. யுத்தத்தால் காகிதமே கிடைக்காத நாளில் கட்டுக் கட்டாகப் பாழ். "இன்னொரு தடவை இப்படியானால் வீட்டுக்குப் போய்விடு" என்றுவிட்டார் அந்தப் பார்சி மானேஜர்.

நம் பிள்ளைக்கு, அவள் அப்பாவுக்கு, அது போதாதா?

"ஆபீசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பாலக்காட்டு வரனுக்குச் சரின்னு எழுதிடறேன்."

"ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோப்பா" என்றாள் கமலா.

மறுநாள் நேரே மானேஜர் அறைக் கதவைத் தட்டியிருக்கிறாள். சாயங்காலம் வந்து நடித்தே காட்டினாள்.

"சார், உங்களுக்கு எப்படி வேணும்னு ஒரு தடவை காட்டிக் கொடுங்கோ. அப்புறமும் தப்புப் பண்ணினா அனுப்பிடுங்கோ."

"முதல் நாளே ஏன் கேக்கலை?"

"பயமா இருந்தது."

"எல்லாருக்கும் பயம்! தலையை ஆட்டிட்டுப் போறா, தப்பாப் பண்ணிண்டு வரா. கத்தாம என்ன பண்ணுவேன்?"

"கத்தினா இன்னும் பயந்துண்டு கேக்கவே மாட்டா சார்."

வேலை போச்சு என்றே நினைத்தேன். அவரோ நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாராம். அத்தனை வருஷ உத்தியோகத்தில் உங்களை ஒருவராவது உட்காரச் சொன்னதுண்டா?

அன்றிலிருந்து தினமும் காலையில் எது முதலில் வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்கிறாள். முடியாததை அப்போதே முடியாது என்கிறாள். அவரும் அவளை நம்பிப் பெரிய வேலைகளையெல்லாம் கொடுக்கிறார். நேற்று உத்தரவை நீட்டியவர், "மற்றவர்களையும் என்னிடம் வந்து கேட்கச் சொல்லு" என்றாராம்!

பாலக்காட்டுக்கு வேண்டாம் என்று கடிதம் போய்விட்டது. இனி அவள் சம்மதமில்லாமல் எந்த வரனுக்கும் இந்த வீட்டிலிருந்து பதில் போகாது. நான் இருக்கும்வரை யாரையும் விடமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

டைப்பிஸ்ட் கமலாவின் பாட்டி,
உங்கள் அகத்துக்காரி