க்யூபுக்குள்ள பாசி

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையப் பிளக்குது. பெருங்களத்தூர் சிக்னல்ல இருபது நிமிஷம். திருமுடிவாக்கம் கம்பெனிக்குப் போய்ச் சேர 9.40.

ஸ்லாக் போட்ட கான்கிரீட் க்யூப், வார்த்து ஏழாம் நாள் டெஸ்ட். தரைக்கல் கலவைல சிமெண்ட பாதியாக் குறைச்சு, இரும்பாலைக் கசடு அரைச்ச பொடி போட்டது. என் யோசனை. என் வாய் சும்மா இருக்காதே. மூணு க்யூப மிஷின்ல அழுத்தி உடைச்சேன், தாங்கின பலம்: 21, 22, 21. பழைய கலவை இதே ஏழு நாள்ல 30 குடுக்கும்.

முதலாளி: "கசடப் போட்டா கசடுதானம்மா வரும்." மெதுவாத்தான் ஏறும் சார்னேன். "இருபத்தெட்டாம் நாள் நாப்பது வரணும். வரலன்னா லேப மூடிட்டு உன்ன டெலிவரி சீட்டு எழுத உக்கார வச்சிடுவேன்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா செய்வார்.

உடைஞ்ச க்யூப் உள்ள பச்சையும் நீலமுமா கலர். மிஷின் ஓட்டற காசி அண்ணன் மோந்து பாத்தார். "இன்னா மேடம், உள்ள பாசி புட்ச்சிகினு கீது?" ஸ்லாக்னா அப்படித்தாண்ணா, காத்து பட்டா கலர் போயிடும்னேன். தலையாட்டினார். அவர் தலையாட்டினா புரிஞ்சுதுன்னு அர்த்தமில்ல. மூணு வருஷமா தெரியும்.

வாங்க: கொத்தமல்லி, ரீசார்ஜ், மழைக்கோட்டு ஜிப்.

ஜூன் 12, வியாழன்

நேத்து லீவு போட்டிருக்கக் கூடாது. ஊரப்பாக்கத்துல அக்கா பொண்ணு காதுகுத்து. பாயசம் ரெண்டு தடவை.

இன்னிக்குப் போனா, க்யூப ஊற வைக்கற க்யூரிங் தொட்டி காலி. ஒரே ப்ளீச்சிங் பவுடர் நாத்தம். இருபத்தெட்டாம் நாளுக்கு வச்ச மிச்ச மூணு க்யூபும் வெளிய, வெயில்ல. நேத்து மத்தியானத்துலேர்ந்து!

காசி அண்ணன் பெருமையா: "தொட்டித் தண்ணிதான் மேடம் பேஜாரு. பாசி போவ நல்லா தேச்சி வுட்டேன். க்யூப காய வச்சிகினு கீறேன்."

கத்திட்டேன். சிமெண்ட் மிச்சம் விடற சுண்ணாம்ப ஸ்லாக் தின்னுதான் உள்ள இருக்கற ஓட்டையெல்லாம் அடைக்கும், அதுக்கு ஈரம் வேணும், காய வச்சா வேலை அப்படியே நின்னுடும்ணா. அவர் முகம் சுருங்கிப் போச்சு. "நல்லதுன்னு நென்ச்சிதான் மேடம் செஞ்சேன்." எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தப்பு என்மேலயும்தான், சரியா சொல்லியிருக்கணும்.

மோட்டர் வேற ரிப்பேர். ரெண்டு பேரும் குடம் குடமா ஊத்தி, க்யூப மறுபடி உள்ள இறக்கினோம். வேற க்யூப் கிடையாது. இந்த மூணுதான்.

ஜூன் 22, ஞாயிறு

சாயங்காலம் நல்ல மழை. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் தவளைக் கச்சேரி.

காசி அண்ணன் தினமும் தொட்டியப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடறார். இன்னிக்கு லீவு, இன்னிக்கும் போய் எடுத்திருக்கார். அம்மா எட்டிப் பாத்து, "யாருடி அது, வெறும் தண்ணியா அனுப்பறது?" சிரிச்சு சிரிச்சு வயித்து வலி.

ஜூலை 1, செவ்வாய்

தூறல். இருபத்தெட்டாம் நாள்.

முதல் க்யூப் 41. நம்பாம ரெண்டு தடவை பாத்தேன். ரெண்டாவது 43. முதலாளி பின்னாடி வந்து நிக்கறது அப்பதான் தெரிஞ்சுது. காசி அண்ணன் கண்ண மூடிக்கிட்டு சுவரோரமா.

மூணாவது வச்சேன். முள் நாப்பது தாண்டும்போதே முதலாளி போன எடுத்துட்டார். "ஸ்லாக் ரெண்டு லோடு அனுப்புப்பா, இந்த வாரமே." பேசிக்கிட்டே வெளிய போயிட்டார். க்யூப் உடைஞ்சுது. எவ்வளவுன்னு யாரும் கேக்கல. நானே சத்தமா சொன்னேன், ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்: நாப்பத்தி நாலு.