தர்ஷினிக்கு ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர்

என் தங்க அக்காவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். உன் மகள் செல்வி கல்யாணப் பந்தியிலேயே, "இந்த மாப்பிள்ளை ஒருநாள் தண்ணீர் விஷயத்தில் தகராறு பண்ணுவார்" என்றேன். நீகூடச் சிரித்தாய். பார்த்தாயா?

நீ கண்மூடிய பிறகு பிறந்த உன் பேத்தி தர்ஷினிக்குப் போன வாரம் வயிற்றுப்போக்கு. கூடவே வாந்தி. செல்வி போனில் அழுதாள். பாகூர் ஏரிக்கரையில் என் வண்டி போன வேகத்துக்குக் கொக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன.

போய்ப் பார்த்தால், பிள்ளைக்கு உதடு காய்ந்து கிடக்கிறது. அழுகிறாள், கண்ணீர் வரவில்லை. சுகாதார நிலையத்தில் கொடுத்த உப்புச்சர்க்கரைப் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. மாப்பிள்ளைதான் தடுத்திருக்கிறார். திருபுவனையில் குழாய்க் கம்பெனி வேலை அல்லவா, அந்தக் கணக்கே பேசினார்.

"குடுக்கக் குடுக்கத்தான் மாமா போவுது. வயித்தக் காயப்போட்டா தானா நின்னுடும். பாலையும் நிறுத்தச் சொல்லிட்டேன்."

"தண்ணியில்லாம மோட்டார் ஓடுனா இன்னா ஆவும் மாப்ள?"

"உள்ள இருக்கற கம்பிக் காயில் எரிஞ்சிடும்."

"இது புள்ள. எரிஞ்சா திரும்பக் காயில் கட்ட முடியாது."

"எட்டாவதே தாண்டல, டாக்டர் மாதிரி பேசறீங்களே மாமா."

அங்கேதான் உன்னை இழுத்தேன். "விடியக்காலம் அக்கா கனவுல வந்துச்சி. 'என் பேத்திக்கு ஒரு வாய் தண்ணி தரமாட்டீங்களாடா'ன்னு கேட்டுச்சி" என்றேன். மாப்பிள்ளையே அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உன்மேல் அவருக்கு இன்னும் அவ்வளவு பயம். செல்வி எழுந்துபோய்த் தண்ணீர் கொதிக்க வைத்தாள்.

பாதிப் பொட்டலம் போதும் என்றேன். அவள் அதன்மேல் இருந்ததைப் படித்துவிட்டு என் கையைத் தட்டி, முழுப் பொட்டலத்தையும் ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கினாள். அவளைச் சோதித்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். கக்கினாள். சற்றுப் பொறுத்து மறுபடியும், இன்னும் மெதுவாக. இடையிடையே தாய்ப்பால். குடிக்க முடியாமல் துவண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட, வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தேன். சாயங்காலம் மாப்பிள்ளையே ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டார். அன்றைக்கு முதல் தடவையாக, அவர் மடியிலேயே பிள்ளை மூத்திரம் போனாள். வேட்டி நனைந்ததற்கு ஒரு மனிதன் கண்கலங்கி நான் பார்த்ததில்லை அக்கா.

மறுநாள் பருப்புச் சோற்றைக் குழைத்துக் கொஞ்சங்கொஞ்சமாக ஊட்டினோம். இப்போது வீடு முழுக்கத் தவழ்கிறாள். உன் மூக்கு அவளுக்கு.

ஊரில் பிள்ளைக்கு முடியவில்லை என்றால், "ஒங்க அக்கா கனவுல இன்னா சொல்லுச்சி?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். தண்ணீரை நிறுத்தாதே, பாலை நிறுத்தாதே, சோற்றை நிறுத்தாதே என்கிறேன். நீ சொன்னதாகவே சொல்கிறேன். மூச்சு இருக்கும்வரை வீடு வீடாகச் சொல்வேன். எந்தப் பிள்ளையையும் காயவிட மாட்டேன். இது சத்தியம்.

ஆனால் உனக்குத் தெரியுமே. அன்றைக்கு நீ வரவில்லை. போனதிலிருந்து ஒருநாளும் என் கனவில் நீ வரவேயில்லை.

செல்விக்குத் தாய்மாமனும்,
உனக்கு என்றைக்கும் சின்னத் தம்பியும்.