வாடை வந்தா ஆம்பூர்

சென்னையில் இரண்டு வாரம் இருந்துவிட்டு நேற்று ஆம்பூரில் இறங்கினேன். வாடை அடித்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவன், இத்தனை நாள் ஊரை விட்டு இருந்ததில்லை. தோல் பதனிடும் வாடை என் மூக்குக்குத் தெரிந்தது நேற்றுதான். உன்னிடம் சொல்லச் செல்பேசியை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

நீ ஜோலார்பேட்டையில் ஏறுவாய். பக்கத்து இருக்கையில் உன் பை. கேட்கிறவர்களிடம் "ஆள் வருது" என்பாய். ஆம்பூர் வந்துவிட்டதா என்று நீ எட்டிப் பார்த்ததே இல்லை.

"வாடை வந்தா ஆம்பூர். பையை எடுத்துடுவேன்."

"இன்னா வாடை?" என்றேன்.

சிரித்தாய். "அதான்டா நம்ம ஆராய்ச்சி."

வேலூரில் நம் கல்லூரி ஆய்வகம். பதனிட்ட தோலில் கீறலையும் உண்ணி கடித்த தழும்பையும் கண்டுபிடிக்கிற கேமரா. ஒவ்வோர் அங்குலத்தையும் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்துத் திணறும். மூளை அப்படி உழைக்காது என்றாய். எது வரும் என்று முன்பே ஊகித்து வைத்திருக்கும். ஊகம் தப்பினால் மட்டும் விழிக்கும். அதைக் கணினிக்கும் கற்றுக்கொடுத்தாய். வேகம் கூடியது. ஆனால் ஒரே மாதிரித் தழும்பு தொடர்ந்து பல தோல்களில் வந்ததும் அது பேசாமல் இருந்துவிட்டது.

"குத்தமும் பழகிடுச்சே. இப்ப இன்னா பண்ணுவ?" என்றேன்.

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் உனக்குக் காய்ச்சல். அந்த வாரமே நீ உயிரோடு இல்லை. பதில் இருந்ததா, சமாளித்தாயா? அதுகூடத் தெரியாமல் விட்டுப் போயிருக்கிறாய். உன் மேல் எரிச்சலாக வருகிறது.

திங்கட்கிழமை தொழிற்சாலைக்காரர்கள் வருகிறார்கள். நீ எழுதிய ஊகப் பகுதியை எடுத்துவிடச் சொல்கிறார் பேராசிரியர். எல்லாவற்றையும் பார்க்கட்டுமே, கரண்ட் ஜாஸ்தியாகும், அவ்வளவுதானே என்கிறார். விளம்பரத் தாளில் மட்டும் 'மூளையைப் போலச் சிந்திக்கும்' என்ற வரி இருக்கட்டுமாம்.

இன்று காலை வாடை போய்விட்டது. ஒரே இரவு.

ரயில் வந்தபோது கண் வழக்கமான பெட்டியின் சன்னலுக்குத்தான் போனது. மாதக்கணக்காக அங்கே யார் யாரோ. தினமும் ஊகம் தப்புகிறது. திருத்திக்கொள்ள மாட்டேன் என்கிறது மூளை. அப்படியானால் எல்லாமே பழகிவிடுவதில்லை. எது பழகக் கூடாது என்று உள்ளே எதுவோ தீர்மானிக்கிறது. எப்படி என்று பேராசிரியர் கேட்டால் என்னிடம் ஒரு வரி நிரல்கூட இல்லை. உன் பகுதியை எடுக்கவும் இல்லை. திங்கட்கிழமை திட்டு வாங்குவேன்.

இன்று உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் பையை வைத்தேன்.

"ஆள் வருதா தம்பி?" என்றார் ஒருவர்.

"வருது" என்று வாயில் வந்துவிட்டது. காட்பாடி வரை அவர் நின்றுகொண்டே வந்தார்.