எனக்கு முன்னே ஏறிய படிகள்

என்னங்க,

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைச் சலவை வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பாப்பா யாரிடம் வளர்வது என்ற நம் வழக்குக்காக இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். வக்கீலம்மா அன்பாகத்தான் பேசினார். உங்கள் பெயரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் போன மாசமே எங்ககிட்ட யோசனை கேட்டுட்டாரும்மா. ஒரே வழக்குல ரெண்டு பக்கத்துக்கும் நாங்க நிக்கக் கூடாது. இனிமே உங்களுக்காக நாங்க பேச முடியாது."

ஏழைகளுக்கான இடம் அது. வேலையில்லை என்று சொல்லித்தான் உள்ளே போயிருப்பீர்கள்.

மறுநாள், தவணையில் ஃபீஸ் வாங்கும் வக்கீலிடம் போனேன். அங்கேயும் அதே பதில். மூன்றாமவர் சிரித்தே விட்டார்.

"கெட்டிக்காரர்மா அவரு. உங்களுக்கு யாரும் கிடைக்கக் கூடாதுன்னே, ஊர்ல கம்மியா வாங்குற அத்தனை வக்கீல்கிட்டயும் ஒரு தடவை யோசனை கேட்டு உக்காந்து எந்திரிச்சிருக்காரு."

மிச்சம் இருப்பவர்கள் கேட்பதைக் கொடுக்க என்னிடம் ஒரு பொட்டு நகைகூட இல்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் தனியாக வந்து நின்றேன். உங்கள் வக்கீல் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா உங்களிடம் என்று முடிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போக வரும்போது வாசலிலேயே நில்லுங்கள். இடது காதில் மூன்று சொட்டு மருந்து விடவேண்டும். விட்ட பிறகு கொஞ்ச நேரம் மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வழிந்துவிடும்.

என்னைக் கேட்டு அழுவாள். அம்மாவுக்கு நீ வேண்டாமாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்காக நான் எத்தனை படி ஏறி இறங்கினேன் என்று இந்த உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா